ஒழுகும் மாடி: ஒட்டுப் போடுவதா, இடித்துப் போடுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை நெருங்கினால் மாடியில் பூசும் வாட்டர் ப்ரூஃபிங் வண்ணங்களுக்கு விளம்பரம் களைகட்டிவிடுகிறது. முப்பது, நாற்பது வருடப் பழைய காங்கிரீட் தளம் உள்ளவர்கள் அந்த டப்பாவை வாங்குமுன் சீலிங் காங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியின் நிலையைப் பார்த்துவிட வேண்டும். ஒழுகல் மட்டும் என்றால் சரிசெய்வது எளிது. கம்பி தேய்ந்திருந்தால் கணக்கே வேறு.

சீலிங் பெயராத வீட்டில், மழைநீர்க் குழாய் வாயை அடைத்து ஓர் அங்குலத் தண்ணீரை 48 மணி நேரம் தேக்கிப் பார்க்கலாம். கோடையிலும் ஈரம் காயவில்லையென்றால் தொட்டியையோ குளியலறைக் குழாயையோ சந்தேகியுங்கள். தண்ணீர் சொட்டும் இடமும் அது இறங்கும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம்; காங்கிரீட்டுக்கு மேல் போட்டிருக்கும் சுண்ணாம்பு ஜல்லிக்குள் அது வெகுதூரம் ஓடும். பெரும்பாலும் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலைதான் வாசல். மாடியில் பதித்த தட்டோட்டைத் தட்டிப் பார்த்து, பொள்ளலாகச் சத்தம் வருவதைப் பெயர்த்து மாற்றி, மூலையைச் சரிவாகப் பூசினாலே பல வீடுகளில் ஒழுகல் நின்றுவிடும்.

செய்யவே கூடாதது, பழைய தட்டோட்டின் மேலேயே இன்னொரு ஜல்லித் தளம் போடுவது. 3 அங்குல ஜல்லி சதுர மீட்டருக்குச் சுமார் 140 கிலோ. ஆயிரம் சதுர அடிக்கு 13 டன்! ஆட்கள் நடமாடும் மாடிக்கு கட்டடப் பாரங்களுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875 வைத்திருக்கும் பாரமே சதுர மீட்டருக்கு 150 கிலோதான். கொத்தனார் 'ஒண்ணும் ஆகாது' என்பார். தாங்க வேண்டியது துருப்பிடித்த கம்பி.

சீலிங் வெடித்த இடத்தில் கம்பியைத் துரு போகத் தேய்த்து வெர்னியர் அளவுகோலில் அதன் விட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். 8 மி.மீ. கம்பி 7 ஆகியிருந்தால் 23 சதவீதப் பரப்பு போய்விட்டது. புதிதாகக் கொத்திய காங்கிரீட்டில் காரத்தன்மையை நிறத்தால் காட்டும் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், நல்ல பகுதி சிவந்த ஊதாவாகும். கம்பி ஆழம் வரை நிறமே வராவிட்டால், கம்பியைத் துருவிலிருந்து காத்த காரத்தன்மை போய்விட்டது. கடலோரத்தில் இந்தச் சோதனை ஏமாற்றும்; உப்பு ஏறிய காங்கிரீட் நிறம் காட்டும், உள்ளே துருவும் ஓடும். அங்கே ஒட்டுப் போட்ட இடத்தை அடுத்தே மீண்டும் வெடிக்கும்.

ஓரிரு இடத்தில் மட்டும் தேய்மானம் என்றால் செப்பனிடலாம். முட்டுக் கொடுத்து, கம்பிக்குப் பின்னாலும் ஓர் அங்குலம் கொத்தி, துரு நீக்கி, துத்தநாக பிரைமர் அடிக்க வேண்டும். தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில், நல்ல பகுதியில் இருபுறமும் 40 செ.மீ. நீளும்படி புதுக் கம்பி சேர்த்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். துருவை விட்டுவிட்டு வெறும் சிமென்ட் பூசினால், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்டு பூச்சைத் தள்ளிவிடும்.

அறை முழுக்கக் கம்பி கால் பங்குக்கு மேல் தேய்ந்திருந்தாலும், உத்திரத்தை ஒட்டிய இடங்களில் கம்பி அற்றிருந்தாலும், தளம் கண்ணுக்குத் தெரியத் தொய்ந்திருந்தாலும், பொறியாளர் சுவரையும் உத்திரத்தையும் பார்த்த பிறகு அந்த அறைத் தளத்தை இடித்துப் புதிதாகப் போடுவதே சிக்கனம். புதுத் தளத்தில் 4.5 மீட்டர் அகலம் வரை 7 நாள், அதற்கு மேல் 14 நாள் முட்டுகளை எடுக்கவே கூடாது.

பால்கனிக்கும் சன்ஷேடுக்கும் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கிறது. கீழே கொத்திப் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மேல் பூச்சை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர்,
கடலூர்