அப்பா கையெழுத்து எங்கே?

ஆசிரியருக்கு,

விவாகரத்தான தாய் என்றாலே "ஐயோ பாவம்" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் பாவம் இல்லை. ஓசூரில் கம்பெனி வேலை; காலை 6 மணிக்கு பாலக்கோட்டில் வேன் ஏறினால் வீடு திரும்ப இரவு 7 ஆகிவிடும். ஐந்தாவது படிக்கும் மகளுக்குத் தலைபின்னி, சோறு கட்டி அனுப்புவது என் அம்மா. காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டு அக்காவே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். இவர்கள் இருப்பதால்தான் ராத்திரி மகளோடு சிரித்துப் பேச எனக்குத் தெம்பு மிச்சமிருக்கிறது. இந்தத் துணை இல்லாத தோழிகள், பிள்ளைமேல் எரிந்து விழுந்துவிட்டு அப்புறம் தனியாக அழுகிறார்கள்.

மகளிர் உரிமைத்தொகை விண்ணப்ப முகாமை 2023 ஜூலை 24 அன்று முதல்வர் ஸ்டாலின் நம் தொப்பூரில்தான் தொடங்கி வைத்தார். அந்த 1,000 ரூபாய் உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கன்வாடி 6 வயதோடு சரி. பள்ளி விட்டபின் பெரிய பிள்ளைகளை 7 மணி வரை பார்த்துக்கொள்ள ஊருக்கு ஓர் இடம் இருந்தால், அந்தத் தோழிகளுக்குப் பணத்தைவிட அதுதான் பெரிது.

இன்னொன்று. தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயர் போதும் என்று பாஸ்போர்ட் விதியையே 2016 டிசம்பரில் தளர்த்திவிட்டார்கள். பள்ளிச் சுற்றுலாப் படிவத்துக்கு மட்டும் "அப்பா கையெழுத்து எங்கே?" என்று வகுப்பு நடுவே என் மகளை நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார்கள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. 'பெற்றோரில் ஒருவர்' என்று படிவத்தை மாற்றி அச்சடிக்க கல்வித்துறை சொல்லக் கூடாதா?

- ஒரு வாசகி, பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்