பொருத்தி ஓட்டாமல் எப்படித் தெரியும்? ரைடர் பேக்ரெஸ்ட் பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்

பொருள்: விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத ரைடர் பேக்ரெஸ்ட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். என் 350 சிசி வண்டிக்கு உங்கள் இணையதளத்தில் வாங்கிய, ஓட்டுபவர் முதுகைச் சாய்த்துக்கொள்ளும் பேக்ரெஸ்ட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டதற்கு, "வண்டியில் பொருத்திய பொருளைத் திரும்பப் பெற முடியாது" என்று ஒரே வரியில் பதில் அனுப்பியிருக்கிறீர்கள். அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

நான் காங்கேயத்துக்காரன். அரிசி ஆலை இயந்திரங்களுக்கு சர்வீஸ் பார்க்கிறேன். வெள்ளகோவில், கரூர், குளித்தலை வழியாகத் திருச்சி வரைக்கும், சில நேரம் தஞ்சாவூர்ப் பக்கமும் வண்டியிலேயே போய் வருவேன். நீண்ட நேரம் சாய்மானமில்லாமல் ஓட்டினால் இடுப்பு வளைவு தட்டையாகி முதுகு கூன் போட்டுவிடும். பாரமெல்லாம் அடிமுதுகில் இறங்கும். அந்த வளைவைத் தாங்கிப் பிடிக்கத்தான் ரைடர் பேக்ரெஸ்ட்.

ஆகவே குஷன் பெல்ட் கட்டும் இடத்தை ஒட்டி நிற்க வேண்டும். முன்னும் பின்னும் நகரவும் வேண்டும். ஆளுக்கு ஆள் கை நீளம் வேறு. குஷன் கொஞ்சம் அதிகமாக முன்னால் தள்ளினாலும் உடம்பு டேங்க் பக்கம் நகர்ந்து, முழங்கை மடங்கி, தோள் வலி வந்துவிடும். உங்கள் இணையதளத்தில் "முன்பின் 5 செ.மீ. நகர்த்தலாம், உயரத்தை மாற்றலாம், இடுப்புக்கு முழு ஆதரவு" என்று போட்டிருந்தது. அதை நம்பித்தான் 4,800 ரூபாய் கட்டினேன்.

வந்த பொருளில் அது எதுவும் இல்லை. வண்டியோடு சேர்த்து முடுக்கும் பிராக்கெட்டில் நீளவாக்கில் துளை இருந்தால்தான் போல்ட்டைத் தளர்த்தி நகர்த்த முடியும். இதில் இருப்பவை இரண்டே வட்ட ஓட்டைகள். பொருத்திக் கொடுத்த எங்கள் ஊர் மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எங்கீங்க நகர்த்தறது? ஓட்டையே ரெண்டுதான் இருக்குது" என்றார். உயரத்தை மாற்றவும் வழியில்லை. குஷனைத் தாங்கும் தண்டை அப்படியே வெல்டிங் வைத்துவிட்டீர்கள். உட்கார்ந்து பார்த்தால் குஷனின் கீழ் விளிம்பே பெல்ட்டுக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது. சாய்ந்தால் தோள்பட்டை எலும்புக்குக் கீழே போய் முட்டுகிறது, தாங்க வேண்டிய இடுப்புக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த விளிம்பு முதுகெலும்பில் இடிக்கிறது.

வலியை விட எனக்குப் பெரிய கவலை நட்டுகள்தான். ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வுக்குச் சாதா நட்டு தாங்காது, கழன்றுவிடாமல் உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டாவது ஸ்பிரிங் வாஷராவது போட்டே ஆக வேண்டும். நீங்கள் அனுப்பிய பையில் சாதா நட்டுதான் இருந்தது, வாஷரே இல்லை. கரூரிலிருந்து திரும்பும் வழியில் குஷன் ஒரு பக்கமாக ஆட ஆரம்பித்தது. ஓரமாக நிறுத்திப் பார்த்தால், இடப்பக்க நட்டு ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே சுழல்கிறது. தண்டும் தகடும் சேரும் இடத்தில் பெயிண்ட் உரிந்து, வெல்டிங் ஓரமாக மயிரிழை போல ஒரு விரிசல். நான் போனது நெடுஞ்சாலை. இங்குள்ள பசங்க விடுமுறை கிடைத்தால் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளுக்கும், ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும் 40 வளைவுகளுக்கும்தான் கிளம்புகிறார்கள். அங்கே வளைவில் உடம்பைச் சாய்க்கும் நேரத்தில் இது கழன்றால் ஓட்டுபவர் நிலை என்ன? தயவுசெய்து இதை மட்டுமாவது உங்கள் தயாரிப்புப் பிரிவுக்கு உடனே சொல்லுங்கள்.

உங்கள் உதவி எண்ணில் முதலில் போட்டோ கேட்டார்கள், அனுப்பினேன். அப்புறம் வீடியோ கேட்டார்கள், அதையும் அனுப்பினேன். அடுத்துப் பேசியவர் மறுபடியும் போட்டோ கேட்டார். கடைசியில் வந்ததுதான் அந்த ஒரு வரி. பேக்ரெஸ்ட் முதுகுக்குச் சரியாக வருமா என்பது பெட்டியைப் பிரித்தால் தெரியாதுங்க. பொருத்தி, உட்கார்ந்து, கொஞ்ச தூரம் ஓட்டினால்தான் தெரியும். பொருத்தியதையே காரணமாகச் சொல்லி மறுத்தால், இந்தப் பொருளை யாருமே எப்போதுமே திருப்பித் தர முடியாது.

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020-இன்படி, குறையுள்ள பொருளையும் விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன.

நான் கேட்பது இதுதான்: உங்கள் செலவில் பொருளை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். மாற்றுப் பொருள் வேண்டாம், பிராக்கெட் அதே மாதிரிதான் வரும். இணையதளத்தில் உள்ள "நகர்த்தலாம்" என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, சீட்டிலிருந்து குஷனின் கீழ் விளிம்பு எத்தனை செ.மீ. உயரத்தில் நிற்கும் என்று எழுதுங்கள். வாங்குபவர் வீட்டிலேயே டேப் வைத்து அளந்துகொள்வார்.

ஒரு மாதத்துக்குள் தீர்வு வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், திருப்பூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் புகார் கொடுப்பேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர், காங்கேயம்

இணைப்பு: பில் நகல், உங்கள் இணையதள விவரத்தின் ஸ்கிரீன்ஷாட், பிராக்கெட் மற்றும் விரிசலின் போட்டோக்கள்