குன்னக்குடி மாலைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

திருநகர், திருப்பரங்குன்றம், நிலையூர் கைத்தறி நகர் பக்கத்து அன்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் இரண்டாவது ஞாயிறு சாயங்காலம், வயலின் வித்வான் குன்னக்குடி வைத்தியநாதன் நினைவாகக் கைத்தறி நகரில் நடந்த நிகழ்ச்சிக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல். அன்றைக்கே மேடையில் சொல்லியிருக்க வேண்டும். மழையும் கரண்ட்டும் சேர்ந்து நன்றியுரையைச் சாப்பிட்டுவிட்டன. உதவியவர்கள் யார் பெயரையும் இதில் போடவில்லை. ஒருவரைச் சொல்லி இன்னொருவரை விட்டுவிட்டால் நம் ஊரில் அது அடுத்த சித்திரைத் திருவிழா வரைக்கும் பேச்சாக ஓடும். யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

என்னிடம் வயலின் படிக்க வருகிற பிள்ளைகள் 11 பேர். ஒவ்வொரு வருஷமும் ஆளுக்கு ஒரு கீர்த்தனை வாசிப்பார்கள், பெற்றோர் செல்போனில் பிடிப்பார்கள், கேசரி சாப்பிட்டுவிட்டுக் கலைவோம். இந்த வருஷம் ஒரே ஒரு வித்வானை எடுத்துக்கொண்டு, அவர் கைவைத்த வேலைகளை எல்லாம் ஒரு மாலைக்குள் கேட்க வைக்கலாம் என்று ஆசைப்பட்டேன். குன்னக்குடி வைத்தியநாதன். அவர் காலமானது 2008 செப்டம்பர் 8. அதையொட்டித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. (ஊர் குன்றக்குடி, ஆள் மட்டும் ஏன் குன்னக்குடி என்று ஒரு வாண்டு கேட்டது. வாயில் என்ன வருகிறதோ அதுதான் கடைசியில் பெயராக நிற்கும் என்று சொல்லி வைத்தேன்.)

அவரை எடுத்ததில் என் பழைய கடன் ஒன்றும் இருக்கிறது. எனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு அவரைப் பிடிக்காது. "படங்காட்டுற வாசிப்பு" என்பார். நெற்றி நிறைய விபூதி, பெரிய குங்குமப் பொட்டு, பட்டுச் சட்டை, குயில் கூவுகிற மாதிரி வில் போடுவது, கச்சேரிக் கடைசியில் சினிமாப் பாட்டு, எதுவுமே வாத்தியாருக்கு ஆகாது. 1982-ல் காரைக்குடிப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் அவர் கச்சேரி என்று கேள்விப்பட்டு, அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்று வாத்தியாரிடம் பொய் சொல்லிவிட்டுப் போனேன். மணலில் உட்கார்ந்து கேட்டேன். பக்கத்தில் பலூன்காரர் ஒருவர் வியாபாரத்தை நிறுத்திவிட்டு, பலூன் கட்டிய கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு கேட்டார். வயலினுக்கு அவ்வளவு கூட்டம் கூடி அதுவரை நான் பார்த்ததில்லை. அந்த வாரமே பாடத்தின்போது அவரைப் பற்றிப் பேச்சு வந்தது. "ஆமா சார், படங்காட்டுறார்தான்" என்று நானும் தலையாட்டினேன். அப்போது எனக்கு 22 வயசு. அந்தத் தலையாட்டல் இன்னும் உறுத்துகிறது.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

முதலில் பேசி வைத்திருந்த மண்டபம், நிகழ்ச்சிக்கு 4 நாள் இருக்கும்போது கையை விரித்தது. முன்பணம் திரும்பி வந்துவிட்டது, அதனால் அதோடு விடுகிறேன். அப்போது தறிக்கூடத்தைத் திறந்துவிட்ட சௌராஷ்டிரக் குடும்பத்துக்கு முதல் நன்றி. குழித்தறிப் பள்ளங்களின் மேல் பலகை அடித்து மேடையாக்கினார்கள். பாவு, அதாவது நெடுக்கு நூல், ஏற்றியிருந்த ஒரு தறியை மட்டும் கழற்ற முடியவில்லை. அதை அப்படியே மேடைக்குப் பின்னால் விட்டு, மேலே நாலைந்து சுங்குடிச் சேலைகளைத் தொங்கவிட்டார்கள். காசு கொடுத்துக் கூப்பிட்டிருந்தாலும் எந்த அலங்காரக்காரரும் அவ்வளவு அழகாகச் செய்திருக்க மாட்டார்.

அந்த வீட்டுப் பெரியவர் என்னை உட்காரவைத்து ஒரு விஷயம் சொன்னார். தியாகராஜரின் நேர்ச் சீடரான வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் சௌராஷ்டிரர். அந்தப் பரம்பரையின் கையெழுத்துப் பிரதிகள் மதுரை சௌராஷ்டிர சபையில்தான் இருக்கின்றன. குன்னக்குடி திருவையாறு தியாகராஜ ஆராதனையைப் பல வருஷம் செயலாளராக இருந்து நடத்தியவர் என்று நான் சொன்னதும் வாடகைப் பேச்சே அடிபட்டுப் போனது. தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளில் ஒன்றை முதலில் வாசிக்க வேண்டும், அது மட்டும் கண்டிஷன். ஸ்ரீராகத்து 'எந்தரோ மகானுபாவுலு' வாசித்தோம். நடுவில் ஒரு சரணத்தைத் தாவிவிட்டோம். பெரியவர் கவனித்தார். சொல்லவில்லை. அதற்கும் சேர்த்து நன்றி.

அடுத்தது மைக், குழாய் வாடகைக்கு விடுகிற ரேடியோசெட் அண்ணன். இவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

குன்னக்குடியின் பழைய பதிவுகள் கிடைக்குமா என்று நான் முதலில் கேட்டுப் போனது சங்கீதம் தெரிந்தவர்களிடம். மரியாதையாகத்தான் பேசினார்கள். "பெரிய ஞானஸ்தர், ஆனா..." என்று ஆரம்பித்து, அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் காபி கொடுத்து அனுப்பினார்கள். ஒருவர் வீட்டிலும் ஒரு கேசட் இல்லை. அவனியாபுரத்தில் இந்த அண்ணனிடம் செட்டுக்கு வாடகை பேசப் போனேன். "யாரு, குன்னக்குடிக்கா? இருங்க டீச்சர்" என்று உள்ளே போனவர் ஒரு பெரிய பிஸ்கட் டின்னோடு வந்தார். உள்ளே 14 கேசட். கும்பாபிஷேகம், முளைப்பாரி, காதுகுத்து என்று எந்த விசேஷமானாலும் விடிகாலையில் குழாய் கட்டியதும் முதலில் எதைப் போடுவது என்று அவர் அப்பா காலத்தில் சேர்த்தவை. சீர்காழிக்கும் எல்.ஆர்.ஈஸ்வரிக்கும் நடுவில் நம் வித்வான் உட்கார்ந்திருந்தார். 2 கேசட்டில் பூஞ்சை. ஒன்றில் நாடா சிக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அண்ணன் பென்சிலைச் செருகி அரை மணி நேரம் சுற்றினார்.

சபாக்காரர்கள் தயங்கித் தயங்கிப் பேசிய மனுஷரை ரேடியோசெட்காரர்கள் பிஸ்கட் டின்னில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். நான் சபாப் பக்கத்து ஆள்தான். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

அந்த அண்ணனின் இன்னொரு வேலை அன்று மத்தியானம் தெரிந்தது. வளையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலோடு குன்னக்குடி செய்த கச்சேரிகள் எவ்வளவு பெயர் வாங்கின என்று மூத்தவர்களுக்குத் தெரியும். அந்த ஜோடி இல்லாமல் நிகழ்ச்சி நிறையாது என்று தவில் வாசிக்கும் தம்பி ஒருவரைக் கெஞ்சிக் கூப்பிட்டிருந்தேன். ஆவணி முகூர்த்த நாள். விடிகாலையில் சோழவந்தானில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டுத் தூக்கக் கண்ணோடு வந்தார். விரல்களில் கூடு மாட்டி, தவிலின் வலது பக்கமான வலந்தலையில் ஒரே ஒரு தட்டு. மேடைப் பலகைக்கு அடியில்தான் குழி இருக்கிறதே, தறிக்கூடமே 'தொம்' என்றது. அதற்கு மேல் 11 வயலினும் வாசித்தோம். எங்களுக்கே கேட்கவில்லை.

தவில் நாகஸ்வரத்தோடு தெருவில் நடக்கிற வாத்தியம். வயலினுக்கு அந்தத் தொண்டை கிடையாது. மைக் என்று ஒன்று இல்லாவிட்டால் அந்த ஜோடியை யாரும் சேர்த்திருக்கவே முடியாது. குன்னக்குடி வயலினையும் வில்லையும் எப்படிக் கையாண்டாரோ அப்படியே மைக்கையும் ஒரு வாத்தியமாகக் கையாண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. 40 வருஷமாக வாசித்துக்கொண்டிருக்கும் எனக்கு இது அன்றைக்குத்தான் உறைத்தது. அண்ணன் முதலில் தவிலுக்கு வைத்த மைக்கை எடுத்தார். "இதுக்கு மைக் எதுக்கு, நம்ம காதுக்குத்தான் பஞ்சு வேணும்" என்றார். தவிலைப் பலகையிலிருந்து இறக்கி, மண்தரையில் இரண்டு சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் வைத்தார். வயலின் மைக்குகள் கூவ ஆரம்பித்ததும் ஸ்பீக்கர் பெட்டிகளைப் பிள்ளைகளுக்கு முன்னால் இழுத்துக் கூட்டத்தைப் பார்க்கத் திருப்பினார். இப்படியே 40 நிமிஷம். தவில் தம்பியும் அவர் பங்குக்கு, குச்சியைப் பாதிப் பிடியில் பிடித்து அடக்கி வாசித்தார். கல்யாணத்தில் ஊரைக் கூட்டும் கைக்கு அது எவ்வளவு சிரமம் என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். தாம்பூலத்தில் வைத்த பணத்தில் பஸ்ஸுக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்.

பசுமலைத் தச்சர் ஐயாவுக்கு ஒரு தனி நன்றி. இரவல் வாங்கிய ஒரு வயலினில் தந்தி மாற்ற வேண்டும் என்று ஒரு பிள்ளை நாலு தந்தியையும் ஒரே நேரத்தில் தளர்த்திவிட்டது. தந்திகளைத் தாங்குகிற குதிரை என்ற கட்டையின் ஒரு காலுக்குப் பின்னால், வயலினுக்கு உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்கிற குச்சி விழுந்துவிட்டது. அதைப் பசை போட்டு ஒட்டுவதில்லை, தந்தி இழுக்கிற அழுத்தத்தில்தான் நிற்கும். ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும் என்று நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். கதவு, நிலை செய்கிற ஐயா, சைக்கிள் போக்ஸ் கம்பி ஒன்றைத் தீட்டி வளைத்து, செல்போன் வெளிச்சத்தில் பக்கத்துத் துளை வழியாக அந்தக் குச்சியை நிமிர்த்தி நிறுத்தினார். 6 தடவை விழுந்தது. ஏழாவதில் நின்றது. கூலி கேட்டால், "இவ்வளவு சின்ன வேலைக்கு ரேட்டு இல்லம்மா" என்றார்.

வாசலில் வைத்த தட்டியைப் பலர் நின்று படித்தீர்கள். 1935-ல் பிறந்தது, அப்பா ராமசாமி சாஸ்திரியிடம் படித்தது, சிறு வயசிலேயே பெரிய பாடகர்களான அரியக்குடிக்கும் செம்மங்குடிக்கும் பக்கவாத்தியம் வாசித்தது, 1969-ல் 'வா ராஜா வா' படத்துக்கு இசையமைத்தது, 1976-ல் பக்கவாத்தியத்தையே விட்டுவிட்டுத் தனிக்கச்சேரிக்கு மாறியது, 1983-ல் மதுரை டி.என்.சேஷகோபாலனைக் கதாநாயகனாகப் போட்டு 'தோடி ராகம்' என்று சொந்தப்படம் எடுத்தது, ராகத்தால் நோய் தீருமா என்று ஆராய்ந்தது, 2006-ல் பத்மஸ்ரீ வாங்கியது என்று எல்லாம் இருந்தது. ஒன்று மட்டும் தப்பு. 'கந்தன் கருணை' படத்துக்கே இசை அவர்தான் என்று எழுதியிருந்தோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா நிகழ்ச்சி நடுவில் எழுந்து திருத்தினார். படத்துக்கு இசை கே.வி.மகாதேவன். குன்னக்குடி போட்டது 'திருப்பரங்குன்றத்தில் நீ சிரித்தால்' மட்டும். பூவை செங்குட்டுவன் எழுதி, சூலமங்கலம் சகோதரிகள் தனிப்பாட்டாகப் பாடி, அப்புறம் படத்துக்குள் வந்தது. தப்பு பிள்ளைகளுடையது இல்லை, எழுதிக்கொடுத்தது நான். நம் மலையடிவாரத்துப் பாட்டையே தப்பாகச் சொல்லிவிட்டேனே என்று கூச்சமாக இருந்தது. ஐயாவுக்கு நன்றி.

மழை பிடித்துக்கொண்டது 7 மணி வாக்கில். தகரக் கூரையில் அது போட்ட சத்தத்துக்குத் தவிலே தோற்றது. 'தெய்வம்' படத்துக்காக 1972-ல் குன்னக்குடி இசையில் நம் மதுரை சோமு பாடிய 'மருதமலை மாமணியே' கேசட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் கரண்ட் போனது. பின்னால் பாவு ஓட்டுகிற அக்காமார்கள் உட்கார்ந்திருந்தீர்களே, நீங்கள் பாட்டை விடவில்லை. விட்ட இடத்திலிருந்து எடுத்தீர்கள். ஆளுக்கு ஒரு சுருதி, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் இருட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வயலினை எடுத்து, உங்கள் குரல் எங்கே நிற்கிறது என்று ஒற்றைத் தந்தியில் தடவித் தடவித் தேடினாள். இரண்டு வரி தள்ளிப் பிடித்துவிட்டாள். அப்புறம் கரண்ட் வரும்வரை நீங்கள் போகிற பக்கமெல்லாம் அவள் பின்னாலேயே வந்தாள். பாடுகிறவரை முந்தாதே என்று ஒரு வருஷமாக அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதை 5 நிமிஷத்தில் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான்.

கிளம்பும்போது ஒருவர், "கச்சேரின்னு சொன்னீங்க, திருவிழா மாதிரி இருக்கே" என்று கொஞ்சம் சலித்துக்கொண்டார். அவருக்கும் நன்றி, கடைசிவரை இருந்தாரே. குன்னக்குடியின் வாசிப்பு முழுவதும் எனக்குப் பிடிக்கும் என்று நானும் சொல்லமாட்டேன். அந்தக் குயில் சத்தம் இன்றைக்கும் ஆகாது. அதில் மட்டும் வாத்தியார் கட்சி.

மற்றவர்கள்: வாசலுக்கு மல்லிகைச் சரம் கொடுத்துப் பாதிக் காசு மட்டும் வாங்கிக்கொண்ட பூக்கார அம்மா, 120 பேருக்கு இட்லி அவித்த சன்னதித் தெரு அக்கா, மழையில் பெரியவர்களை வீட்டுவாசல் வரை கொண்டுபோய் விட்ட 3 ஆட்டோ தம்பிகள், மறுநாள் பலகையைக் கழற்றித் தறியைத் திரும்ப ஏற்றிய பையன்கள். எல்லோருக்கும் நன்றி.

கணக்கு: வசூல் 9,450 ரூபாய், செலவு 8,900. மீதி 550-ல் தந்தி வாங்கி வைத்திருக்கிறேன். 14 கேசட்டையும் அண்ணனிடம் ஒப்படைத்தாயிற்று. டின் மூடி மட்டும் நசுங்கிவிட்டது, மாற்றித் தருகிறேன்.

எவர்சில்வர் தூக்குச்சட்டி ஒன்று என் வீட்டில் இருக்கிறது. மூடியில் 'கு.மு.' என்று பெயர் வெட்டியிருக்கிறது. உரியவர்கள் சாயங்காலம் 5 மணிக்கு மேல் வந்தால் வாங்கிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் வகுப்பு நடக்கும், கதவு திறந்துதான் இருக்கும்.

நன்றியுடன்,
திருநகர் வயலின் டீச்சர்