டிட்டிபுன்னு ஒரு ஊரு ஜப்பான்ல இல்ல

ஆசிரியருக்கு வணக்கம்,

ஜப்பான்ல நடக்குற கதையா வர்ற 'மிகாடோ' இசை நாடகத்த வெறும் தமாஷுன்னு நீங்க எழுதித் தள்ளிவிட்டுப் போறத என்னால ஏத்துக்க முடியல. 1885 மார்ச்ல லண்டன் சவாய் தியேட்டர்ல வசனம் எழுதுன கில்பர்ட்டும் இசையமைச்ச சல்லிவனும் போட்டது, 672 தடவ ஓடுச்சு. கில்பர்ட் கிண்டலடிச்சது இங்கிலீஷ் அதிகாரிகளத்தான், அது உண்மைதான், ஆனா அதுக்கு ஜப்பான் வேஷம் எதுக்கு? ஊரு டிட்டிபு, ஹீரோயின் யம் யம், இதெல்லாம் ஜப்பான் பேரே இல்ல.

அப்ப லண்டன் நைட்ஸ்பிரிட்ஜ்ல ஜப்பானிய கிராமம்னு ஒரு கண்காட்சி, நிஜ ஜப்பான்காரங்களயே கொண்டுவந்து வச்சிருந்தாங்க, அங்கிருந்து ஒரு பொண்ண வரவழைச்சு விசிறிய எப்படிப் பட்டுன்னு விரிக்கணும், எப்படிச் சின்னச் சின்ன அடியா நடக்கணும்னு நடிகைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வச்சாங்க. அவங்ககிட்டயே ஒரு வார்த்த கேட்டிருந்தா நல்ல பேரு கிடைச்சிருக்குமே, அதான் எனக்கு ஆத்திரம். இத்தனைக்கும் நாடகத்துல வர்ற 'மியா சாமா' பாட்டு மட்டும் அசல் ஜப்பானிய படைப் பாட்டு.

1907ல ஜப்பான் இளவரசர் ஃபுஷிமி லண்டன் வந்தப்ப நாடகத்துக்கே தடை போட்டாங்க, மனசு புண்படும்னு தெரிஞ்சுதானே போட்டாங்க? அடுத்த தடவ இதப்பத்தி எழுதும்போது அந்தக் கண்காட்சில இருந்தவங்களப் பத்தியும் ரெண்டு பத்தி எழுதுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்