சாவி மாட்ட ஓர் ஆணி

அன்புள்ள கண்ணு,

நேற்றுப் பொழுதோட போனில் "திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தெறக்குதுங்கம்மா, மூணாம் வகுப்பு எனக்குத்தான்" என்று சொன்னாயே, குரலில் சந்தோசமும் பயமும் சேர்ந்தே இருந்தது. போனை வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ டீச்சராகப் போயிருப்பது திருப்பூர். நம்ம காங்கேயத்துப் பள்ளிக்கூடம் மாதிரி எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்களாக இருக்க மாட்டார்கள். தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் இருப்பார்கள். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களும் இருப்பார்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் காலை எட்டரைக்கு உள்ளே போனால், ஒன்றரை ஷிப்ட் முடிந்து ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே வருவார்கள். பள்ளி விட்டதிலிருந்து அதுவரைக்கும் லைன் வீட்டில் அந்தப் பிள்ளை தனியாகத்தான்.

நான் அங்கே வேலை பார்த்தபோது ஒரு ஜூன் மாதம், ஏழு வயதுப் பையன் ஒருவன் வந்தான். கழுத்தில் வீட்டுச் சாவி. பனியன் வேஸ்டைத் திரித்துச் செய்த சிவப்புக் கயிற்றில் கோத்திருந்தார்கள். இடது கை சாவியை விடாது, வலது கையால் மட்டும் எழுதுவான். ஸ்லேட்டைப் பிடிக்க ஆளில்லாமல் அது நகர்ந்துகொண்டே போகும். "சாவியை விட்டுட்டு ஒழுங்கா எழுது" என்று இரண்டு தடவை அதட்டினேன். மூன்றாம் நாள் மத்தியானம் விளையாடும்போது சாவி தொலைந்துவிட்டது. அவன் அழவில்லை. வேப்பமரத்தடி மண்ணை இரண்டு கையாலும் அளைந்து கொண்டே இருந்தான், நகக்கண்ணில் ரத்தம் வர்ற அளவுக்கு. வகுப்பே சேர்ந்து தேடிக் கண்டுபிடித்தோம்.

அன்றைக்குப் பொழுதோட கரும்பலகைக்குப் பக்கத்தில் அவன் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஓர் ஆணி அடித்தேன். மறுநாள் காலை அவனே வந்து சாவியை மாட்டினான். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு வாரம் போனதும் பார்க்கிறதை மறந்துவிட்டான். அதற்குப் பிறகுதான் அவனுக்கு எழுத்து வந்தது. மாதக் கடைசியில் அந்த ஆணியில் ஐந்து சாவிகள் தொங்கின. மற்ற நாலு பிள்ளைகளும் சட்டைக்குள்ளே மறைத்து வைத்திருந்திருக்கிறார்கள், கண்ணு. எனக்குத் தெரியவே இல்லை.

நான் செய்த தப்பு ஒன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும். இதுவரை உங்க அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த வருசம் ஜூனில் ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு சேர்க்க வந்தார். டி.சி. இல்லை. "ஊருக்குப் போயி வாங்கிட்டு வந்துருங்க" என்று அனுப்பிவிட்டேன். போய் வர இரண்டு நாள் கூலி போகும், பஸ் காசு தனி. அவர்கள் திரும்பி வரவில்லை. தீபாவளி நெருக்கத்தில் ஒரு சந்துக்குள்ளே அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு குழாயடியில் குடத்துக்கு வரிசை போட்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தது. பள்ளிக்கூடத்து டீச்சர் என்று அதற்கு ஞாபகம் இருந்தது.

டி.சி. வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் இருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது, அது 14-ஆம் பிரிவு. இடையில் படிப்பை விட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், அது 4-ஆம் பிரிவு. நான் படிக்காமல் விட்டது. நீ மனப்பாடமாக வைத்துக்கொள். வாசலில் தயங்கி நிற்கிறவர்களிடம் முதலில் "உள்ள வாங்க, உக்காருங்க" என்று சொல். காகிதத்தைப் பிறகு கேட்கலாம்.

பள்ளிக்கூடத்தில் அரசு கொடுக்கிற காலை உணவைப் பற்றியும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கி, நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருசம், 2023 ஆகஸ்டில், எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் புதிதாக வந்து இறங்கிய ஒடியாக்காரம்மாவுக்கு யார் சொல்வார்கள்? சீக்கிரம் அனுப்பினால் பிள்ளைக்குப் பொங்கலோ கிச்சடியோ சூடாகக் கிடைக்கும் என்று தெரிந்தால், வெடியக்காலம் அடுப்போடு மல்லுக்கட்டுகிற அவசரம் அவருக்குக் குறையும். அம்மா பதறாமல் அனுப்பிய பிள்ளை வகுப்பிலும் பதறாமல் உட்காரும். இத்தனை வருசத்தில் நான் கண்டது இதுதான்.

பெற்றோரைப் புதன்கிழமை மத்தியானம் வரச்சொல்லிவிட்டு, யாரும் வரவில்லை என்று வருத்தப்படாதே. வந்தால் அரை நாள் சம்பளம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நீயே லைன் வீட்டுப் பக்கம் போ. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று பேசினால் போதும். பக்கத்து வீட்டு போன் நம்பரையும் வாங்கிக்கொள். தீபாவளி போனஸ் வாங்கி ஊருக்குப் போகிற குடும்பம் சிலது திரும்பும்போது வேறு வீடு மாறிவிடும். அப்போது பிள்ளையைத் தேட அந்த நம்பர்தான் உதவும்.

மூன்றாம் வகுப்பு வந்தும் 'அரும்பு' என்கிற முதல் படியிலேயே இருக்கிற பிள்ளைகள் உனக்குக் கிடைப்பார்கள். அந்த வார்த்தையை மற்ற பிள்ளைகள் காதில் விழச் சொல்லாதே, சாமி. முதல் வாரம் புத்தகத்தைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்கு எந்த வழியாகப் போகிறது, கதவைத் திறக்கிறது யார் என்று தெரிந்துகொள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வரும்போது சுத்தியலும் கான்கிரீட் ஆணி ஒரு பொட்டலமும் கொடுத்துவிடுகிறேன். சாதா ஆணி சிமெண்டுச் சுவரில் வளைந்துவிடும். உன் இடுப்பு உயரத்துக்கு மேலே அடிக்காதே, சின்னதுகளுக்கு எட்டாது.

அன்புடன்,
அம்மா