இருவண்ணப் பின்னலைக் குழலில் தொடங்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஒரே வரிசையில் இரு நிற நூல்களை மாற்றி மாற்றிப் போட்டு, அப்போது பயன்படாத நூலைப் பின்னால் ஓடவிடும் இருவண்ணக் கம்பளிப் பின்னலை அறிமுகம் செய்யும் கைவேலைப் பக்கங்கள், பயிற்சிக்குத் தட்டையாக ஒரு சதுரம் பின்னச் சொல்வது வழக்கம். கற்பவர்கள் பாதியில் ஊசியைக் கீழே வைத்துவிட இதுவே முக்கியக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். சதுரத்தை விட்டுவிட்டு, மணிக்கட்டு உறை அளவில் துணியைத் திருப்பாமல் வட்டமாகவே ஒரு சிறு குழலைப் பின்னச் சொல்லுங்கள்.

தட்டையாகப் பின்னும்போது ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை துணியைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து பர்ல் என்ற புறக்கண்ணி போட வேண்டும். அப்போது டிசைன் மறைந்துவிடும், பின்னால் ஓடும் நூல்கள்தான் கண்ணெதிரே நிற்கும். டிசைனைக் கட்டம் கட்டமாகக் காட்டும் கட்டப்படத்தையும் அந்த வரிசைக்கு மட்டும் இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். போதாததற்கு, பலருக்கு பர்ல் கண்ணி, முன்பக்கத்திலிருந்து போடும் நிட் கண்ணியைவிடத் தளர்வாக விழும். குழலில் இருவண்ணப் பகுதி முழுதும் நிட், படிப்பது எப்போதும் வலமிருந்து இடம், கீழிருந்து மேல். ஃபேர் ஐல் என்ற இருவண்ணப் பின்னல் வகைக்குப் பேர்போன, ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுகளில் முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டரைக்கூடக் குழலாகப் பின்னிவிட்டு, பிறகு கத்தரியால் வெட்டித்தான் திறப்பு வைப்பார்கள்.

டிகே எனப்படும் நடுத்தரத் தடிமனில், அசல் கம்பளி நூல், நிறத்துக்கு 20 கிராம் போதும். பருத்தி நூல் வழுக்கும், மீள்தன்மையும் குறைவு. முதல் பயிற்சிக்கு அது வேண்டாம். இரு நிறங்களையும் சேர்த்துக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் டிசைன் எடுபடாது. அடர் சிவப்பு போன்ற நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் இறங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

4 மி.மீ. ஊசியில் 48 கண்ணிகளைத் தளர்வாக ஏற்றி வட்டமாக இணையுங்கள். 3.5 மி.மீ. ஊசிக்கு மாறி, இரண்டு நிட் இரண்டு பர்ல் என்று 6 சுற்று ரிப், அதாவது இழுத்தால் விரிந்து மீளும் விளிம்புப் பட்டை. மீண்டும் 4 மி.மீ. ஊசியில் 30 சுற்று இருவண்ணம், முடிவில் 6 சுற்று ரிப். 48 ஐ 4, 6, 8 மூன்றாலும் வகுக்கலாம். அதனால் முதல் 10 சுற்றுக்கு 4 கண்ணிக்கு ஒருமுறை திரும்ப வரும் டிசைன், அடுத்த 10க்கு 6, கடைசி 10க்கு 8 என்று ஒரே குழலில் படிப்படியாக ஏறலாம். சுற்று தொடங்கும் இடத்தில் டிசைன் ஒரு படி விலகித் தெரியும். பின்னல் சுருளாக ஏறுவதால் வருவது அது, தவறு அல்ல.

தவறு வருவது பின்னால் ஓடும் நூலில்தான். நிறம் மாற்றும் கணத்தை நிதானமாகக் கவனிக்க வேண்டும். வலது ஊசியில் கடைசியாகப் போட்ட கண்ணிகள் ஒன்றோடொன்று நெருக்கி நிற்கும். அவற்றை விரலால் பரப்பி, துணியில் எவ்வளவு அகலத்தில் இருக்குமோ அவ்வளவுக்கு விரித்துவிட்டு, பிறகே புது நிறத்தின் முதல் கண்ணியைப் போடுங்கள். நெருக்கிய நிலையிலேயே போட்டால் நூல் குறுகி, துணி நாடா இழுத்த பைபோலச் சுருங்கும். குழலைப் பல ஊசிகளில் பகிர்ந்து பின்னினால், ஊசிகள் சந்திக்கும் மூலைகளில் இது இன்னும் மோசமாகும். அப்படிச் சுருங்கினால் குழலின் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி வைத்துக்கொண்டு பின்னுங்கள். நூல் வெளி வளைவைச் சுற்றி வருவதால் தானாகவே சற்று நீளும்.

ஐந்து கண்ணிகளுக்கு மேல் தாண்டும் நூலை நடுவில் ஒருமுறை மற்ற நூலோடு பின்னிப் பிடித்துவிட வேண்டும். கடைசி 10 சுற்றில் ஒரு கண்ணி அடர்நிறம், ஏழு வெளிர்நிறம் என்று வரும் சுற்றுகள் இதற்கென்றே இருக்கின்றன. அடுத்தடுத்த சுற்றுகளில் அதே இடத்தில் பிடித்தால் முன்பக்கம் கோடாக எட்டிப் பார்க்கும், இடம் மாற்றிப் பிடியுங்கள்.

இன்னொன்று பல குறிப்புகளில் விட்டுப்போகிறது. பின்னால் கீழாக ஓடும் நூலின் கண்ணிகள் சற்றுப் பெரிதாகி, முன்பக்கம் தூக்கலாகத் தெரியும். ஆகவே டிசைன் நிறம் கீழே, பின்னணி நிறம் மேலே. இரு கையிலும் நூல் பிடிப்பவர்களுக்கு டிசைன் நிறம் இடக்கையில். நடுவில் மாற்றினால் அந்த இடத்திலிருந்து டிசைன் மங்கிவிடும்.

முடித்ததும் வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் சுற்றி அழுத்தி, தட்டையாக உலர்த்த வேண்டும். சின்ன மேடுபள்ளம் இதில் சரியாகும், இறுகிய நூல் சரியாகாது. காய்ந்தபின் கையில் மாட்டிப் பாருங்கள். ரிப் தாராளமாக விரிந்தும் நடுப்பகுதி கட்டைவிரல் முட்டியில் நின்றுவிட்டால் பின்நூல்கள் இறுகியிருக்கின்றன என்று பொருள். சதுரத் துண்டில் இந்தச் சோதனைக்கு வழியே இல்லை.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். இருவண்ணப் பின்னலின் படம் வெளியிடும்போது முன்பக்கத்தோடு உள்பக்கத்தையும் அச்சிடுங்கள். நூல் எவ்வளவு தளர்வாக ஓட வேண்டும் என்பது அதைப் பார்த்தால்தான் பிடிபடும்.

இப்படிக்கு,
பின்னல் கற்பிக்கும் வாசகர்