'விசா வேண்டாத நாடுகள்' பட்டியலை எப்படிப் படிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இந்தியப் பாஸ்போர்ட் உலகத் தரவரிசையில் ஏறியது, இறங்கியது என்று ஆண்டுதோறும் செய்தி வருகிறது. கூடவே விசா இல்லாமல் போகக்கூடிய நாடுகள் என்று ஒரு பட்டியலும் வரும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருக்கும் எங்களிடம் டிக்கெட் போட வருகிறவர்கள் நிறையப் பேர். பட்டியலில் பொய் இல்லை. ஆனால் வெவ்வேறு சங்கதிகளை ஒரே கணக்கில் போட்டுக் கூட்டியிருப்பார்கள். அதைப் பிரித்துப் பார்க்காமல் கிளம்புகிறவரின் பயணம் திருச்சி விமான நிலையக் கவுன்டரிலேயே நின்றுவிடுகிறது.

மலேசியாவுக்கு விசா வேண்டாம் என்பது உண்மை. 2023 டிசம்பர் 1 முதல் சுற்றுலாவுக்கும் உறவினரைப் பார்க்கவும் போகும் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். ஆனாலும் போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்பியாக வேண்டும். தாய்லாந்தும் 2025 மே 1 முதல் இதே போன்ற அட்டையைக் கேட்கிறது. இந்தோனேசியாவின் கதை வேறு: போய் இறங்கிய பிறகு 5 லட்சம் ருப்பியா கட்டி 30 நாள் விசா வாங்க வேண்டும். இலங்கைக்கு ஈ.டி.ஏ. எனப்படும் மின்னணு அனுமதி. வியட்நாமுக்கு இ-விசா; ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர், 90 நாள் வரை செல்லும். சைகோனில் தாத்தா காலத்துக் கோயிலைப் பார்த்துவிட்டு, பக்கத்தில்தானே என்று கம்போடியாவின் அங்கோர் கோயிலுக்குப் போய் மறுபடி சைகோன் திரும்பி விமானம் ஏற நினைப்பவர் 25 டாலர் விசா எடுத்திருந்தால், அது முதல் நுழைவோடு தீர்ந்துபோயிருக்கும்.

இந்த அட்டைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து மூன்றின் வருகை அட்டைக்கும் கட்டணம் கிடையாது. இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் இடைத்தரகர்களின் தளங்கள், பணம் கேட்கும். முகவரி மலேசியாவுக்கு 'ஜி.ஓ.வி. டாட் எம்.ஒய்.', சிங்கப்பூருக்கு 'ஜி.ஓ.வி. டாட் எஸ்.ஜி.', தாய்லாந்துக்கு 'ஜி.ஓ. டாட் டி.எச்.' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாஸ்போர்ட் எண்ணைத் தட்ட வேண்டும்.

நம் பகுதியில் அதிகம் பேர் சறுக்குவது சிங்கப்பூரில்தான். அங்கே இந்தியர்களுக்கு விசா கட்டாயம். பினாங்கு போக மலிவாக இருக்கிறதென்று திருச்சி–சிங்கப்பூர் ஒரு டிக்கெட், சிங்கப்பூர்–பினாங்கு வேறு டிக்கெட் என்று தனித்தனியாக எடுக்கிறார்கள். ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருந்தால் பெட்டி நேரே அடுத்த விமானத்துக்குப் போய்விடும். பயணியும் உள்ளேயே இருந்து மாறிக்கொள்ளலாம். தனித்தனி டிக்கெட் என்றால் குடிவரவைத் தாண்டி வெளியே வந்து பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். வெளியே வரச் சிங்கப்பூர் விசா வேண்டும். மலேசியாவுக்கு விசா வேண்டாம் என்பது இங்கே உதவாது. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா உள்ளவர்களுக்கு மட்டும் 96 மணி நேர இடைத்தங்கல் சலுகை உண்டு. அதற்கும் மூன்றாவது நாட்டுக்குப் போகும் விமான டிக்கெட் கையில் இருக்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்து ஜோகூர் வழியாகப் பஸ்ஸில் சிங்கப்பூர் போய் அன்றே திரும்ப நினைப்பவர்களுக்கு மூன்று தேவை: சிங்கப்பூர் விசா ஒன்று, சிங்கப்பூர் வருகை அட்டை ஒன்று, மலேசியாவுக்குள் மறுபடி நுழையப் புதிதாக ஒரு வருகை அட்டை.

இதையெல்லாம் முதலில் சோதிப்பவர் அந்த நாட்டு அதிகாரி அல்ல, கவுன்டரில் இருக்கும் விமான நிறுவன ஊழியர். டைமேட்டிக் என்ற தரவுத்தளத்தில் பயணியின் குடியுரிமையையும் வழியையும் போட்டுப் பார்ப்பார். ஆவணம் சரியில்லாதவரை ஏற்றிப்போனால் திருப்பிக் கொண்டுவரும் செலவும் அபராதமும் நிறுவனத்தின் தலையில் விழும். அதனால் அங்கே கெஞ்சிப் பயனில்லை. அவர் பார்ப்பதில் இன்னொன்று, பாஸ்போர்ட்டின் ஆயுள். மலேசியாவும் சிங்கப்பூரும் போய்ச் சேரும் நாளிலிருந்து 6 மாதம் கேட்கின்றன. ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகள் அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதம் கேட்கின்றன. பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

அடுத்தது பெயர். செட்டிநாட்டில் ஒருவரை 'பெரி.லெ.' என்று விலாசத்தை, அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை, வைத்துத்தான் ஊர் அறியும். பாஸ்போர்ட்டுக்கு அந்த எழுத்துகள் செல்லாது; முதலெழுத்தை விரித்து முழுப் பெயராகத்தான் எழுத வேண்டும். பலர் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டு, இன்னொரு கட்டத்தில் 'லெட்சுமணன்' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் இப்படி ஒற்றைப் பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்க மறுத்தது. பிறகு, தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று விளக்கம் தந்தது. அமெரிக்க விசாவில் அதே லெட்சுமணனைக் குடும்பப் பெயராக்கி, காலிக் கட்டத்தில் 'எஃப்.என்.யு.' என்று அடித்துவிடுவார்கள். 'முதற்பெயர் தெரியாது' என்பதன் சுருக்கம் அது. டிக்கெட்டில் ஒரு மாதிரி, விசாவில் ஒரு மாதிரி என்றால் கவுன்டரில் தடுமாற்றம்தான். மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுவது நல்லது. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். தத்காலில் கூடுதலாக 2,000.

பத்தாம் வகுப்பு தேறாத ஆச்சிமார் பலரின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். குறிப்பு இருக்கும்; சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் முன் அனுமதி தேவை என்பது அதன் பொருள். அது வேலைக்குப் போகிறவர்களுக்கான பாதுகாப்பு. மலேசியாவும் அமீரகமும் அப்படி அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் உண்டு. சுற்றுலாவுக்குத் தடை இல்லை. திரும்பும் டிக்கெட்டும் தங்கும் இடத்தின் விவரமும் கையில் இருந்தால் கேள்வி எளிதில் முடியும். 50 வயது தாண்டியவர்கள் அந்தக் குறிப்பையே நீக்கிக்கொள்ளலாம். ஆனால் விசா வேண்டாம் என்று சொல்லி வேலைக்கு ஆள் அனுப்பும் தரகரை யாரும் நம்பக் கூடாது. அந்தச் சலுகையில் போய் வேலை பார்ப்பது சட்டப்படி குற்றம். அங்கே மாட்டிக்கொள்பவர் கூலிக்குப் போன ஏழைதான், தரகர் அல்ல.

பிள்ளைகளைப் பார்க்க ஐரோப்பா போகும் பெற்றோருக்கு ஒன்று. ஷெங்கன் விசாக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்கு முன்னாவது கொடுத்திருக்க வேண்டும். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும், எங்கே சீக்கிரம் தேதி கிடைக்கிறது என்று பார்த்து அல்ல. விண்ணப்பிப்பதற்கு முந்தைய வாரம் வங்கிக் கணக்கில் மொத்தமாக 5 லட்சம் போடுவது சந்தேகத்தைத்தான் கிளப்பும். விசா ஒட்டி வந்ததும் இரண்டு இடத்தைப் பாருங்கள். 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை' என்பதில் 30 நாள் இருக்கலாம். கீழே தங்கும் நாள் 15 என்று இருக்கலாம். 15 தான் கணக்கு. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேரும்.

ஒரே வளவில், அதாவது ஒரே குடும்ப வீட்டில், ஒருவர் மலேசியப் பாஸ்போர்ட், ஒருவர் சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட், மற்றவர் இந்தியப் பாஸ்போர்ட் என்று இருப்பது இங்கே சாதாரணம். மூவரும் சேர்ந்து கிளம்பினாலும் விதி ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டுக்கும் தனி. அண்ணனுக்கு விசா கேட்கவில்லை என்பதால் தம்பிக்கும் கேட்கமாட்டார்கள் என்று இருந்துவிடக் கூடாது.

எனவே ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டியல் வெளியிடும்போது விசா இல்லை, போய் இறங்கி வாங்குவது, மின்னணு அனுமதி, இ-விசா என நான்கு பத்தியாகப் பிரித்து, எந்தத் தேதி நிலவரம் என்பதையும் அச்சிடுங்கள். சலுகை முடியும் நாள் அறிவிக்கப்பட்டிருந்தால் அதையும் சேர்க்கவும். மலேசியாவின் சலுகை 2026 டிசம்பர் 31 வரை என்றுதான் அறிவித்திருக்கிறார்கள். 2027 தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை போகத் திட்டமிடுகிறவர்களின் பயணம் அந்தத் தேதிக்குப் பிறகு வருகிறது.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருப்போர் சிலர்,
காரைக்குடி.